மாப்ள, முதல்ல வருஷத்தைப் பாருங்க

அமெரிக்காவில் மெம்பிஸ் பக்கம் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வேலை மெம்பிஸில், வீடு தெற்கே மிசிசிப்பி எல்லைக்குள், டிசோட்டோ கவுன்டியில் (கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). இத்தனை வருஷத்தில் சாலையோரம் கம்பத்தின் மேல் நிற்கும் வரலாற்றுப் பலகைகளை எத்தனை தடவை கடந்து போயிருப்பேனோ தெரியாது, ஒன்றைக்கூட இறங்கிப் படித்ததில்லை. அறுபது மைல் வேகத்தில் போகிறவனுக்கு அது ஒரு பச்சைத் தகடு, அவ்வளவுதான். என்னை இறங்க வைத்தவர் என் மாமனார்.

அவருக்கு மன்னார்குடி பக்கம். பொதுப்பணித்துறையில் மதகு, வாய்க்கால், பாலம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாதி உத்தியோகம் தண்ணீரோடு போச்சு, மீதி திறப்பு விழாவோடு போச்சு என்பார். கல்வெட்டில் யார் பெயர் மேலே வரணும், யார் பெயர் விட்டுப்போனால் யார் கோபித்துக்கொள்வார்கள், ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லை மாற்றிய கதை, எல்லாம் அவரிடம் உண்டு. அந்தப் பழக்கத்தில் எங்கே கல்லைக் கண்டாலும் நின்றுவிடுவார். மேலே பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு நேராகக் கடைசி வரிக்குப் போவார். எந்த வருஷம், யார் வைத்தது. அதைப் பார்த்த பிறகுதான் மேலே வருவார்.

போன மார்ச்சில் அவரும் அத்தையும் வந்திருந்தார்கள். "டெல்டாவுக்குப் போகலாமா மாமா" என்று கேட்டேன். "அங்கேர்ந்துதானே வர்றேன்" என்றார். மிசிசிப்பி டெல்டா என்பது ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் இல்லை, அது தெற்கே லூயிசியானாவில் இருக்கிறது. இங்கே மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவில் வண்டல் படிந்து கிடக்கும் சமவெளிக்குத்தான் அந்தப் பெயர். மேஜைமேல் துணி விரித்தது போலத் தட்டை. பருத்தி, சோயா, சோளம், நெல்கூட உண்டு. காரின் கண்ணாடியை இறக்கி மண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "வடிகால் சரியில்லை போலிருக்கே" என்றார். துறைக்காரர்.

நாங்கள் போனது சம்னர் என்ற ஊருக்கு. மக்கள்தொகை முந்நூறைத் தொடாது. டாலஹாட்சி கவுன்டிக்கு இரண்டு தலைமை ஊர்கள், ஒன்று சார்ல்ஸ்டன், இன்னொன்று இது. நடுவில் செங்கல் நீதிமன்றம், அதன் மேல் மணிக்கூண்டு, சுற்றிலும் சதுக்கமாகக் கடைகள், பின்பக்கம் சைப்ரஸ் மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும் காசிடி பாயூ என்ற ஓடை. 1955-ல் இந்தப் பக்கம் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் பற்றி என் பெண் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து கேட்டாள், அதனால் கிளம்பினோம். எனக்கு அந்தப் பெயர் தெரியும், கதை அரைகுறையாகத் தெரியும், அவ்வளவுதான்.

செய்த முதல் தப்பு: ஞாயிற்றுக்கிழமை போனது. டெல்டாவின் சின்ன ஊர்களில் ஞாயிறு என்றால் சர்ச் மட்டும்தான் திறந்திருக்கும். நீதிமன்றம் பூட்டு, எதிரே இருக்கும் எம்மெட் டில் விளக்க மையம் பூட்டு, சாப்பாட்டுக் கடை பூட்டு, கழிப்பறைக்குத் திரும்பி டட்வைலர் பக்கம் ஓட வேண்டியதாயிற்று. போன் செய்து கேட்டுவிட்டு வந்திருக்க வேண்டும், முழுக்க என் தப்பு. ஆனால் உள்ளே போக முடியாததால் ஒரு மணி நேரம் வெளியிலேயே சுற்றி வந்தோம். வெளியில் இருந்ததை ஒழுங்காகப் படித்தது அந்தப் பூட்டினால்தான்.

நீதிமன்றத்தின் புல்வெளியில் உயரமான ஒரு கல்தூண், மேலே கான்ஃபெடரேட் சிப்பாய். உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் சிப்பாய். சற்றுத் தள்ளி, கம்பத்தின் மேல் பச்சை நிறத்தில் மாநில அரசின் பலகை, உச்சியில் மக்னோலியாப் பூ. இரண்டும் ஒரே முற்றத்தில்.

மாமா தூணிடம் போனார். "போர் எப்ப முடிஞ்சுது?"

"1865."

"கல் எந்த வருஷம்?"

போனில் தேடிச் சொன்னேன். 1913.

"நாற்பத்தெட்டு வருஷம் கழிச்சு எதுக்கு மாப்ள? செத்தவனோட பொண்டாட்டியே போய்ச் சேர்ந்திருப்பாளே."

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது. தென்மாநிலங்களின் நீதிமன்ற வாசல்களில் நிற்கும் இப்படிப்பட்ட சிலைகளில் பெரும்பாலானவை போர் முடிந்ததும் வந்தவை அல்ல. 1894-ல் நாஷ்வில்லில் ஆரம்பித்த, கான்ஃபெடரேட் வீரர்களின் மகள்கள் சங்கம் போன்ற அமைப்புகள் 1900-க்குப் பிறகு ஊர் ஊராக நிறுத்தியவை. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மிசிசிப்பி 1890-ல் புது அரசியல் சட்டம் எழுதி, வாக்குவரி, எழுத்தறிவுச் சோதனை என்று வைத்து, கறுப்பின மக்களின் ஓட்டை ஒரேயடியாகப் பிடுங்கியிருந்தது. ஓட்டு இல்லாதவன் ஜூரியாகவும், அதாவது கோர்ட்டில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களில் ஒருவனாகவும், உட்கார முடியாது. ஆக அந்தச் சிப்பாய் செத்தவர்களுக்காக மட்டும் அங்கே நிற்கவில்லை, கோர்ட்டுக்குள் நுழைகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறான். 1955-ல் டாலஹாட்சி கவுன்டியில் கறுப்பின மக்கள்தான் பெரும்பான்மை. பதிவு செய்த கறுப்பின வாக்காளர் ஒருவர்கூட இல்லை. அதனால் எம்மெட் டில் வழக்கின் ஜூரியில் பன்னிரண்டு பேரும் வெள்ளைக்கார ஆண்கள். பெண்களும் இல்லை, ஏனென்றால் மிசிசிப்பியில் பெண்கள் ஜூரியாக உட்கார 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வழக்கு இதுதான். சிகாகோவைச் சேர்ந்த பதினான்கு வயதுப் பையன் எம்மெட், 1955 ஆகஸ்டில் விடுமுறைக்குப் பெரிய மாமா முறையான மோஸ் ரைட்டின் வீட்டுக்கு வந்தான். மனி என்ற ஊரில் ஒரு மளிகைக் கடைக்குப் போனான், கடைக்கார வெள்ளைப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டான் என்று சொல்லி, ஆகஸ்ட் 28 விடியுமுன் அந்தப் பெண்ணின் கணவன் ராய் பிரையன்டும் ஒரே தாய்க்கு வேறு தந்தையிடம் பிறந்த அவன் அண்ணன் ஜே. டபிள்யூ. மைலமும் வீடு புகுந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்து டாலஹாட்சி ஆற்றில் உடல் கிடைத்தது. கழுத்தில் முள்கம்பியால் கட்டிய, சுமார் 34 கிலோ எடையுள்ள பருத்தி அரைக்கும் ஆலையின் விசிறி. அம்மா மேமி, சிகாகோவில் சவப்பெட்டியை மூட விடவில்லை. என் பிள்ளைக்குச் செய்ததை ஊரே பார்க்கட்டும் என்று திறந்தே வைத்தார். செப்டம்பரில் சம்னரில் ஐந்து நாள் விசாரணை. ஜூரி 67 நிமிடம் உள்ளே இருந்து, குற்றவாளிகள் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தது. நடுவில் குளிர்பானம் குடிக்காமல் இருந்திருந்தால் அவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று ஜூரியில் ஒருவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. 1956 ஜனவரியில் அந்த இருவரும் ஒரு பத்திரிகையில் காசு வாங்கிக்கொண்டு, ஆமாம் கொன்றோம் என்று சொன்னார்கள். ஒரு தடவை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது.

பச்சைப் பலகையில் இதெல்லாம் ஐந்தாறு வரிக்குள். மாமா கீழே பார்த்தார். 2007. விரல் விட்டு எண்ணினார். "இது ஐம்பத்திரண்டு."

நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு. அங்கேயே டைரியை எடுத்து இரண்டையும் குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் கண்ட பலகைக்கெல்லாம் மூன்று கட்டம்: சம்பவம் நடந்த வருஷம், பலகை வைத்த வருஷம், வைத்தவர் யார். அமெரிக்காவின் தென்பகுதியில் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் வேறு எதைக் கொண்டு போகாவிட்டாலும் இந்த மூன்று கட்டத்தைக் கொண்டு போங்கள். பலகையில் வருஷம் இல்லையென்றால் ஹிஸ்டாரிகல் மார்க்கர் டேட்டாபேஸ் என்ற இணையதளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால் பெரும்பாலும் கிடைக்கும், வாசகமும் போட்டோவும் சேர்த்து. கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே பார்த்து வைப்பது நல்லது, வயல் நடுவில் சிக்னல் வராது.

சம்னரில் அந்த 52 வருஷம் எப்படிப் போனது என்பது தனிக் கதை. அரை நூற்றாண்டுக்கு மாநிலத்தில் எங்கேயும் அந்தப் பையன் பெயரில் ஒரு கல் கிடையாது. 2005-ல் 49இ நெடுஞ்சாலையின் ஒரு பகுதிக்கு அவன் பெயர் வைத்தார்கள். கவுன்டி மேற்பார்வைக் குழுவின் முதல் கறுப்பினத் தலைவர் ஜெரோம் லிட்டில் முயற்சியில் ஒரு நினைவுக் குழு அமைந்தது, கறுப்பினத்தார் ஒன்பது பேர், வெள்ளையர் ஒன்பது பேர். 2007 அக்டோபர் 2-ஆம் தேதி இதே நீதிமன்றத்தின் முன்னால் நின்று அந்தக் குடும்பத்திடம் வருத்தம் தெரிவிக்கும் தீர்மானத்தை வாசித்தார்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கட்டடமும் அப்போது இடிந்து விழாத குறைதான், செப்பனிடக் கவுன்டியிடம் பணம் கிடையாது. வரலாறு என்று வந்தபோதுதான் பணமும் வந்தது. இதைச் சிலர் குத்தலாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் குத்தல் தெரியவில்லை. ஏழை ஊர், கூரை ஒழுகினால் எந்தக் கையை வைத்துத்தான் அடைப்பது. நம்மூரில் கும்பாபிஷேகம் வந்தால்தான் ரோடு போடுகிறார்கள்.

இரண்டாவது தடவை ஒரு வியாழக்கிழமை, முன்கூட்டியே பேசி நேரம் குறித்துக்கொண்டு போனோம். விளக்க மையத்தில் இருந்தவர்கள் கூட்டிப்போய் மாடியில் நீதிமன்ற அறையைக் காட்டினார்கள். 1955-ல் இருந்தபடியே மீட்டு வைத்திருக்கிறார்கள், ஆனால் காட்சிப் பொருள் இல்லை, இன்றைக்கும் வழக்கு நடக்கிற அறை. அதனால் வழக்கு நாளில் போனால் உள்ளே விட மாட்டார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. படித்த கதையில் அது பெரிய கோர்ட்டாக இருந்தது. இங்கே சாட்சி நாற்காலிக்கும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் உட்கார்ந்த இடத்துக்கும் நடுவே எட்டிப் பேசும் தூரம்தான். அறுபத்து நான்கு வயது மோஸ் ரைட், தன் வீட்டுக்குள் புகுந்தவர்கள் யார் என்று கேட்டபோது அங்கே எழுந்து நின்று கையை நீட்டிக் காட்டினார். வெள்ளைக்காரனை நோக்கி ஒரு கறுப்பினத்தவர் கோர்ட்டில் விரல் நீட்டினால் உயிரோடு ஊர் திரும்புவது நிச்சயமில்லாத காலம். சாட்சி சொன்ன பிறகு அவர் பருத்தி வயலை விட்டுவிட்டு சிகாகோவுக்குப் போய்விட்டார். கறுப்பினப் பத்திரிகையாளர்களுக்குத் தனியாக ஒரு சீட்டாட்ட மேஜை, ஓரமாக. மாமா அந்த மூலையில் போய் நின்று, அங்கிருந்து சாட்சி நாற்காலி தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் பெண் ஜூரி நாற்காலிகளை எண்ணினாள்.

குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னாலேயே கதையைச் சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள், ஆனால் அந்தச் சவப்பெட்டிப் படத்தைக் காட்டுவதா வேண்டாமா என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். நாங்கள் காட்டவில்லை. அவளே ஒரு நாள் பார்ப்பாள்.

அங்கிருந்து கிராபால் லேண்டிங். உடல் கரையேறிய இடம் என்று நினைவுக் குழு பலகை வைத்திருக்கும் ஆற்றங்கரை. சரியாக இதே இடம்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. தார்ச் சாலையை விட்டு வயல்களுக்கு நடுவே சரளைப் பாதையில் போக வேண்டும். முந்தின நாள் மழை. டெல்டா மண்ணை இங்கே கம்போ என்கிறார்கள், காய்ந்தால் பாளமாக வெடிக்கும், நனைந்தால் களிதான். அத்தை வேண்டாம் என்றார், மாமா போகலாம் என்றார், நான் மாமா பேச்சைக் கேட்டேன். எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கப்போய் பின்சக்கரம் ஓரத்தில் இறங்கிவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. (அப்படி மிதிக்கக் கூடாதாம், பிறகுதான் சொன்னார்கள்.)

டிராக்டர்க்காரர் போன் செய்து ஒரு பிக்கப் வண்டியை வரவழைத்தார். வெள்ளைக்காரப் பெரியவர், எழுபதுக்கு மேல் இருக்கும், சங்கிலி மாட்டி இரண்டு நிமிடத்தில் இழுத்துவிட்டார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மாமா, "டெல்டா, சார்" என்றார். அவர் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் காவிரியைப் பற்றி, நெல்லைப் பற்றி, வெள்ளத்தைப் பற்றி இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள், நடுவில் நான் மொழிபெயர்ப்பு. பலகையைப் பார்க்கத்தான் வந்தோம் என்று சொன்னபோது பெரியவரின் பேச்சு சட்டென்று குறைந்தது. "அதை விட்டுவிடலாம் என்பவர்கள் இங்கே நிறையப் பேர்" என்றார். நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே, அடுத்த மழைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள் என்றார்.

இது நான் கற்றுக்கொண்ட இன்னொன்று. சின்ன ஊரில் முதல் கேள்வியாக அந்தச் சம்பவத்தைக் கேட்காதீர்கள். மண், மழை, விளைச்சல், சாப்பாடு என்று எதையாவது பேசிக்கொண்டிருந்தால் அவர்களே அந்த இடத்துக்கு வருவார்கள். வராவிட்டாலும் விட்டுவிடுங்கள். அங்கே எல்லோருக்கும் எல்லோரும் உறவு. நாம் பலகையில் படிக்கும் பெயர் அவர்களுக்குப் பெரியப்பாவாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கலாம்.

ஆற்றங்கரைக்கு நடந்தே போனோம். பலகை என்று சொன்னேனே, அது தகடு இல்லை, இரும்புக் கோட்டை. 2008-ல் வைத்த முதல் பலகையைக் களவாடி ஆற்றில் எறிந்தார்கள். அடுத்ததைச் சுட்டார்கள், எடுத்தபோது அதில் 317 குண்டுத் துளைகள் இருந்தனவாம். 2018 ஜூனில் மூன்றாவது. முப்பத்தைந்தே நாளில் அதையும் சுட்டார்கள். 2019 மார்ச்சில் மூன்று கல்லூரி மாணவர்கள் அதன் முன்னால் துப்பாக்கியோடு நின்று எடுத்துக்கொண்ட படம் வெளியே வந்து நாறியது. 2019 அக்டோபரில் வைத்ததுதான் இப்போது நிற்கிறது: 500 பவுண்டுக்கு மேல் எடை, குண்டு துளைக்காத எஃகு, பக்கத்தில் கேமரா. தனக்கு முன்னால் இருந்த பலகைகளுக்கு என்ன நடந்தது என்பதையும் இந்தப் பலகையிலேயே எழுதியிருக்கிறார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. துளை விழுந்த பழைய பலகை ஒன்றை வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் 2021-ல் காட்சிக்கு வைத்தார்கள்.

மாமா அதைத் தட்டிப் பார்த்தார், ஷட்டர் இரும்பைத் தட்டுவதுபோல. "பேஸ்மென்ட் எவ்வளவு ஆழம் போட்டிருப்பான்" என்றார். ஆறு கலங்கலாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. 2023 ஜூலை 25, எம்மெட்டின் பிறந்த நாள் அன்று, இந்தக் கரையையும் சம்னர் நீதிமன்றத்தையும் சிகாகோவில் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயத்தையும் சேர்த்து தேசிய நினைவிடமாக அறிவித்தார்கள். அதற்காக இங்கே பெரிய வாசலும் டிக்கெட் கவுன்டரும் இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். தண்ணீர் பாட்டில், ரப்பர் செருப்பு, கொசு மருந்து நீங்கள்தான் கொண்டு போக வேண்டும்.

மனிக்கும் போனோம், கிரீன்வுட் ஊருக்கு வடக்கே சுமார் பத்து மைல். நம்மூர் மணி இல்லை, பணத்தின் மனி. பணம் மட்டும் அங்கே எங்கேயும் கண்ணில் படாது. அந்த மளிகைக் கடை கூரையில்லாமல், கொடி படர்ந்து, எந்த நேரமும் விழலாம் என்று நிற்கிறது. தனியார் சொத்து, உள்ளே கால் வைக்கக் கூடாது, சாலையிலிருந்தே பாருங்கள். பக்கத்தில் ஒரு பழைய பெட்ரோல் பங்க், அது மட்டும் பளிச்சென்று. கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்ட வரலாற்று இடங்களுக்கான மாநில மானியத்தில் 2 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து அதைப் புதுப்பித்திருக்கிறார்கள். சம்பவம் நடந்தது அங்கே இல்லை, பக்கத்துக் கடையில்! மாமா இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஆச்சரியப்படவே இல்லை. "எஸ்டிமேட் எதுக்குப் போட்டானோ அதுக்குத்தான் சாங்ஷன் வரும் மாப்ள" என்றார்.

கடை முன்னால் 2011-ல் வைத்த மிசிசிப்பி ஃப்ரீடம் டிரெயில் பலகை நிற்கிறது. அந்தப் போராட்டத்தின் இடங்களைக் குறிக்கும் பலகை வரிசை அது, அதில் இதுதான் முதல் பலகை. நாங்கள் முன்பக்கம் படித்துவிட்டுக் காருக்குத் திரும்பியபோது என் பெண்தான் பின்னால் போய்ப் பார்த்து, "அப்பா, இங்கேதான் நிறைய எழுதியிருக்கு" என்று கத்தினாள். 2017-ல் யாரோ அந்தப் பின்பக்கத்தைத்தான் சுரண்டி, படத்தையும் எழுத்தையும் உரித்துப் போட்டார்கள், பிறகு சரி செய்தார்கள். ஃப்ரீடம் டிரெயில், ப்ளூஸ் இசையின் வரலாற்றைச் சொல்லும் ப்ளூஸ் டிரெயில் இரண்டிலும் முன்பக்கம் நாலு வரி, பின்பக்கம்தான் போட்டோவும் முழு விவரமும். நிறையப் பேர் முன்பக்கத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கட்டாயம் சுற்றி வாருங்கள். போட்டோ எடுப்பதானால் முன், பின், அப்புறம் கடைசி வரி மட்டும் தனியாக ஒன்று. வீட்டுக்கு வந்த பிறகு எழுத்து தெரியவில்லை என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம்.

திரும்பும் வழியில் டட்வைலரில் அப்படி ஒரு நீலப் பலகை. 1903 வாக்கில் அந்த ரயில் நிலையத்தில் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி தூங்கி விழுந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒருவர் கிட்டாரின் தந்தியில் கத்தியை வைத்து இழுத்துப் பாடியதைக் கேட்டார். ப்ளூஸ் இசையின் கதையைச் சொல்கிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அதே ஊரில், சற்றுத் தள்ளி, எம்மெட்டின் உடலை சிகாகோவுக்கு அனுப்பத் தயார் செய்த சவ அடக்க நிலையத்தின் இடிபாடு. இரண்டுக்கும் நடந்தே போகலாம். ப்ளூஸ் பலகையின் முன்னால் ஒரு வெளிநாட்டுக் குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது, மற்ற இடத்தில் யாரும் இல்லை. ப்ளூஸ் டிரெயில் 2006-ல் ஒரே ஒரு பலகையோடு ஆரம்பித்து இப்போது 200-ஐத் தாண்டிவிட்டது. பாட்டு எல்லோரையும் கூப்பிடுகிறது, சரி. ஆனால் அந்தப் பாட்டைப் பாடியவர்களும் இதே பருத்தி வயலில் இருந்து வந்தவர்கள்தானே.

ராத்திரி தங்க சம்னரில் இடம் கிடையாது. கிளார்க்ஸ்டேல் அல்லது கிரீன்வுட்தான். சாப்பாட்டுக்கு டெல்டா டமாலே வாங்கிச் சாப்பிடுங்கள். சோளமாவுக்குள் காரமான இறைச்சி வைத்து, சோளத்தோகையில் சுற்றி, மசாலாத் தண்ணீரில் வேகவைப்பது. அத்தை பிரித்துப் பார்த்துவிட்டு "பூரணக் கொழுக்கட்டையில கறியை வச்சுட்டான்" என்றார், ஆனால் ஆறு சாப்பிட்டார். சைவக்காரர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

நீங்களே ஒரு பலகை வைக்க ஆசைப்பட்டால் மிசிசிப்பியில் வழி இருக்கிறது. மாநில ஆவணக் காப்பகத் துறைக்கு விண்ணப்பம் போட வேண்டும், சொல்வதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், வாசகத்தை அவர்கள்தான் இறுதி செய்வார்கள், செலவு விண்ணப்பிப்பவருடையது, அது சில ஆயிரம் டாலர் ஆகும். தென்மாநிலத்துப் பலகைகளில் நிறைய ஒஹாயோவில் மரியட்டா என்ற ஊரில், 1927-லிருந்து இதே வேலையாக இருக்கும் சீவா ஸ்டூடியோஸ் பட்டறையில் அலுமினியத்தில் வார்க்கப்படுபவை. வடக்கே வார்த்து தெற்கே நடுகிறார்கள். இடம் கொஞ்சம், அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை. அதனால்தான் சொற்களையும் பார்க்கச் சொல்கிறேன்: உள்நாட்டுப் போர் என்று இருக்கிறதா, மாநிலங்களுக்கு இடையேயான போர் என்று இருக்கிறதா? அடிமைகள் என்றா, வேலையாட்கள் என்றா? இரண்டாவது வகைச் சொல்லைக் கண்டால் கீழே வருஷத்தைப் பாருங்கள், பெரும்பாலும் பழையதாக இருக்கும்.

மாமா ஊருக்குக் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது மெம்பிஸ் நகரத்துக்குள் ஆடம்ஸ் அவென்யூவுக்குக் கூட்டிப்போனேன். என் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம், ஒன்பது வருஷத்தில் நான் போனதே இல்லை. கான்ஃபெடரேட் தளபதி நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரெஸ்ட் குடியிருந்த இடம் அது. அங்கே வைத்த பழைய பலகை, கல்யாணம் முடிந்து அவர் மெம்பிஸுக்கு வந்ததாகவும், வியாபாரத்தில் பணக்காரர் ஆனதாகவும் மட்டும் சொன்னது. என்ன வியாபாரம் என்று சொல்லவில்லை. 2018 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஐம்பதாவது ஆண்டில், பக்கத்துத் தேவாலயமும் ரோட்ஸ் கல்லூரியும் தேசியப் பூங்காத் துறையும் சேர்ந்து புதுப் பலகை வைத்தார்கள். 1854 முதல் 1860 வரை இந்த இடத்தில் அவர் நடத்தியது அடிமை வியாபாரம் என்று அதில் இருக்கிறது.

மாமா வழக்கம்போலக் கடைசி வரியைப் படித்தார். டைரியைத் திறந்தார்.

"பழைய பலகை எந்த வருஷம் மாப்ள?"

போனில் தேடினேன். 1955.

சம்னர் என்று எழுதியிருந்த பக்கத்துக்குத் திரும்பப் போய், அங்கே ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது, அதில் எழுதிக்கொண்டார்.